என் கட்டத்தில் தொலைந்த ஒரு சாண் களிமண்

விவரங்களைத் தொலைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். சும்மா தொலைத்தால் போதாது, பார்த்துப் பார்த்துத் தொலைக்க வேண்டும். எது போனால் யாருக்கும் தெரியாது, எது போனால் குடி முழுகிவிடும் என்று பிரித்தறிந்து தொலைக்க வேண்டும். தலை நரைக்கிற அளவுக்கு இதையே செய்துவந்ததால் கலை கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஆறுமுகநேரி ரயில்வே கேட்டில் இறங்கிப் போனது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கேயோ ஒரு கடலுக்கு அடியில், நான் பார்த்திராத, பார்க்க வாய்ப்பும் இல்லாத ஒரு கடலுக்கு அடியில், பாறைக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. நிலவியல் படித்தவர்கள் அந்தப் பாறையைக் கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கி, இந்தக் கட்டம் மணல், இந்தக் கட்டம் களி, இதற்குள் எண்ணெய் சுலபமாக ஓடும், அதற்குள் ஓடாது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி அனுப்புவார்கள். கோடிக்கணக்கில் இருக்கும். அப்படியே ஓட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் மூச்சு வாங்கும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துப் பெரிய கட்டங்களாக்கி, அவற்றுக்கு ஒரு பொதுவான குணத்தைக் கணக்குப்போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்தப் பெரிய கட்டங்களுக்கு ஆபீஸில் ‘கோர்ஸ் கிரிட்’ என்று பெயர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம் என்றுதான் ஆரம்பத்தில் நம்பினேன். மாடியில் என் வேலை அறை ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் உப்பளம் தெரியும். பாத்தி பாத்தியாக, வரப்பு வரப்பாக, கடவுளே கிரிட் போட்டதுபோல இருக்கும். பத்துப் பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்புகளை வெட்டிவிட்டு ஒரே பாத்தியாக்கினால் எப்படியோ, அப்படி. உப்பு விளையத்தான் செய்யும். எந்தப் பாத்தி உப்பு வெள்ளை, எந்தப் பாத்தி உப்பு பழுப்பு என்று மட்டும் பிறகு சொல்ல முடியாது. தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் இதை இப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கிற பாத்தியை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பெட்ரோல் எங்கன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வாளியோட வந்துருதேன் என்பார். என் மனைவி அவள் சொந்தக்காரர்களிடம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவைத்திருக்கிறாள். அவிய வீட்டுல இருந்து கட்டம் போடுதாவ, அவ்வளவுதான். அதைக் காதில் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருத்தி ஜாதகக் கட்டம் என்று நினைத்து, பேத்தியின் பிறந்த நேரத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

என் தொழிலில் உள்ள ஆபத்தை முதலில் கண்டுபிடித்தவளும் என் மனைவிதான். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும்போல எங்கள் வீட்டிலும் தண்ணீர் இரண்டு ஜாதி. ஆழ்துளை போரில் வருவது உப்புத் தண்ணி, குளிக்க, துவைக்க. குடத்தில் பிடித்துவைப்பது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. சராசரி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்குவதற்காக ஒருநாள், ஒரு குடம் நல்ல தண்ணியும் ஒரு குடம் உப்புத் தண்ணியும் இருந்தால், என் கணக்குப்படி வீட்டில் இரண்டு குடம் சுமாரான தண்ணி இருக்கிறது என்றேன். அவள் என்னையும் குடங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று மத்தியானம் எனக்கு மட்டும் சுமாரான தண்ணியில் காப்பி வந்தது. அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். காப்பியைக் கொட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இனி கொழுந்தியாள். என் மனைவியின் தங்கை. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, பெரியதாழைக்குப் போகிற பக்கம், தேரி என்று நாங்கள் சொல்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். முருங்கை, கொய்யா, எலுமிச்சை, மல்லி. புருஷன் கப்பலுக்குப் போகிறவர், வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து கையசைத்துக்கொண்டிருப்பார். இவள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு மண் கிண்டப் போகிறாளே என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து நின்று பேசியது. அவள் பேசவிட்டுவிட்டுப் பச்சை வலை வாங்கப் போய்விட்டாள்.

பண்ணையின் உயிர் ஒரு கிணறு. அந்த வட்டாரத்தில் அபூர்வமாக வாய்த்த நல்ல தண்ணிக் கிணறு. ஆனால் கோடையில் வற்றிக்கொண்டே போகும். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியதும் காற்றை இழுத்து இருமும். நாற்றுகளைக் கூட்ட வேண்டும், தண்ணீர் போதவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு போர் போட்டுவிடலாமா என்பது அவள் யோசனை. பயம் என்னவென்றால், பக்கத்துத் தோட்டக்காரர் இதே ஆசையில் ஆழமாகப் போர் போட்டவர்தான். முதலில் பிய்த்துக்கொண்டு வந்தது. அடுத்த கோடையில் உப்பு ஏறியது. போரை மூடினார், பக்கத்தில் இருந்த கிணறும் சேர்ந்து உப்பாகிவிட்டது, திரும்பவே இல்லை. இப்போது அங்கே உடைமரம் மட்டும் தழைத்து நிற்கிறது. நாற்றுக்கு உப்பு ஆகாது. இலை ஓரம் கருகும், அப்புறம் குச்சிதான் மிஞ்சும். கிணறு போனால் பண்ணை போயிற்று.

அவள் போன் பண்ணினாள். “அத்தான், நீங்க ஊர் உலகத்துக்கெல்லாம் பூமிக்கடியில பாத்துச் சொல்லுதியள்லா. என் கெணத்துக்கும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. போர் போட்டா உப்பு வருமா, வராதா. அது தெரிஞ்சாப் போதும்.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் மனைவி வீட்டுப் பக்கமிருந்து என் தொழிலை நம்பி வந்த முதல் கேள்வி அது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கேட்பதுபோல அவளிடம் தகவல் கேட்டேன். கிணற்றுச் சுவரில் தெரியும் மண்ணைப் போட்டோ எடு, பக்கத்துப் போர் எவ்வளவு ஆழம் என்று கேள், இன்னது, இன்னது. அவள் நான் கேட்டதையும் அனுப்பினாள், கேட்காததையும் அனுப்பினாள். முன்பு கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியபோது அடியில் சாம்பல் நிறத்தில் களி தட்டியதாம். அதற்குக் கீழே தோண்ட வேண்டாம் என்று அவளே நிறுத்திவிட்டாளாம். பக்கத்துத் தோட்டத்துப் போரில் அந்தக் களி ஒரு சாண் கனம்தான் இருந்ததாம். அன்று எடுத்து வைத்த களிக்கட்டியின் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். டீச்சர் அல்லவா.

ஒரு சனிக்கிழமை நேரிலும் போனோம். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து டேப்பை இறக்க, என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அவள் தங்கையிடம் எதையோ காட்ட ஒரு கையை எடுத்தபோதுதான், இந்தத் தொழிலில் நான் இதுவரை எதையும் நேரில் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து படம் போட்டேன். மனசாரச் சொல்கிறேன், அழகான படம். கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சாண் கனம். மேலே தேரி மணல், அதற்குக் கீழே நல்ல தண்ணி நிற்கிற மஞ்சள் மணல், அதற்கடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடாகக் களி, அதற்கும் கீழே பக்கத்துத் தோட்டக்காரருக்கு உப்பைக் கொடுத்த மணல். எல்லாம் இருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் விடை வந்திருக்கும். அது ஒரு தோட்டம், கடல் இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், சுருக்கினேன். யாரும் கேட்கவில்லை. தேவையும் இல்லை. முடிதிருத்துகிறவர் மொட்டைத் தலையைக் கண்டாலும் கத்தரியை ஒருமுறை காற்றில் தட்டிப் பார்ப்பார் இல்லையா, அதுபோலக் கை தானாகப் போய்விட்டது. கட்டங்களை மேலும் கீழுமாகச் சேர், குணங்களைச் சராசரியாக்கு, சரியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று தட்டினேன். நாளெல்லாம் தட்டுகிற பொத்தான்தான். ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் நல்ல நீலமாக வந்தது; நீலம் என்றால் நல்ல தண்ணி, சிவப்பு என்றால் உப்பு. போர் போட்ட பிறகும் நீலம், அடுத்த கோடையிலும் நீலம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, ‘தைரியமாகப் போடலாம்’ என்று எழுதினேன். மைத்துனன் ஒருவன் கட்டைவிரல் காட்டினான். கப்பலிலிருந்துகூட ஒரு கட்டைவிரல் வந்தது. கொழுந்தியாள் அந்தப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துப் பண்ணைக் கொட்டகையில் சபைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அத்தோடு போர் போடுகிறவருக்கும் சொல்லிவிட்டாள்.

போர் இறங்குகிற அன்று காலையில் நாங்களும் புறப்பட்டோம். என் படம் பூமியில் பலிப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வண்டி ஓட்டுவது என் மனைவி. நான் ஓட்டினால் ரோட்டில் சராசரியாகத்தான் போவேன், அதாவது நடுவில் போவேன் என்பது அவள் கட்சி. பழையகாயல் தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம். ரோடு நன்றாக இருந்தது. ஆறுமுகநேரியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள்.

திருச்செந்தூர் ரயில் வர வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு உப்பு லாரி, ஒரு பஸ், திருச்செந்தூருக்குப் போகிற வேன்கள். பின்னால் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிர்ப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். என் மனைவி இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னாள்: “எம்புட்டு அகலமா ரோடு போட்டு என்னத்துக்கு. இந்த ஒத்தக் கம்பு போதும், மொத்த சனமும் நிக்கி.”

எனக்கு ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டது. கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டேன். “என் கணக்குல பாத்தா இந்தக் கேட்டே கெடையாது. தூத்துக்குடியில இருந்து சாத்தான்குளம் வரைக்கும் சராசரி எடுத்தேன்னு வையி, ஒரு கம்போட கனம் எந்த மூலைக்கு? ரோடு பூரா நல்ல ரோடு.”

சொல்லிவிட்டு அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

கேட்டைப் பார்த்தேன். கை கனம்கூட இல்லை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது. நிறுத்தி வைத்திருப்பது அந்தக் கம்பு மட்டும்தான். கொழுந்தியாளின் கிணற்றில் அந்தக் கம்பு எது? ஒரு சாண் களி. மேலே நல்ல தண்ணி, கீழே உப்பு, நடுவில் அது. நான் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டத்துக்குள் மேலே உள்ள நல்ல தண்ணி மணலும் கீழே உள்ள உப்பு மணலும் ஒன்றாகப் போய்விட்டன. நடுவிலிருந்த களி அவ்வளவு பெரிய கட்டத்தில் கணக்கிலேயே வராமல் கரைந்துபோயிற்று. ஒரு குடம் நல்ல தண்ணி, ஒரு குடம் உப்புத் தண்ணி, மொத்தம் இரண்டு குடம் சுமாரான தண்ணி. அந்தச் சுமாருக்குத்தான் கம்ப்யூட்டர் நீலம் பூசியிருந்தது. நிஜத்தில் போர் குழாய் அந்தக் களியைக் குத்தித் துளைத்தால் கேட் திறந்துவிடும். உப்பு மேலே ஏறி வந்து கிணற்றைத் தொடும். பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததும் அதுதான்.

போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் பண்ணினேன். எடுக்கவில்லை. போர் போடுகிற சத்தத்தில் கேட்டிருக்காது. நான் கதவைத் திறந்து இறங்கி, வண்டிகளுக்கு இடையில் புகுந்து கேட் கம்புக்கு அடியில் குனிந்துவிட்டேன். என் உடம்புவாகுக்கு அது சாமானிய காரியம் இல்லை. பாதி உடம்பு அந்தப் பக்கம் போன பிறகுதான், அந்தப் பக்கம் போய் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. கேட்காரர் திட்ட ஆரம்பித்தார். பின்னாலேயே வந்த என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். கிணற்றடியில் பிடித்த அதே பிடி.

“அங்கன போயி என்ன செய்யப் போறிய? சாத்தான்குளத்துக்கு ஓடியா போவிய?”

வண்டிக்குள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. தங்கைக்குத் தானும் இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்தாள். ரயில் வந்தது. எல்லா ஜன்னலிலிருந்தும் ஆட்கள் எங்களை வேடிக்கை பார்த்தபடி நிதானமாகப் போனார்கள். கேட் ஏறியதும் என் மனைவி வண்டியை எடுத்த வேகத்தில், நான் எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொன்னேன். கிணற்றுக்குப் பாதி, எனக்குப் பாதி.

பண்ணைக்குள் நுழையும்போது போர் போடுகிற இரும்பு முக்காலி நட்டு நின்றது. குழாயைச் சுழற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றுத் தண்ணி வாய்க்காலாக ஓடியது. நான் முதலில் பார்த்தது அதன் நிறத்தைத்தான். மஞ்சள். சாம்பல் நிறம் வரவில்லை.

“ஏளா, நிப்பாட்டச் சொல்லு” என்றேன்.

ஏன் என்று கொழுந்தியாள் கேட்கவில்லை. கையை உயர்த்தினாள், நின்றுவிட்டது. போன வாரம் போடச் சொன்னேன், போட்டாள். இப்போது நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியவன் நான். கைலியை மடித்துக் கட்டி நின்ற போர்க்காரர் கொட்டகைச் சுவரைக் காட்டி, படத்துல நீலமாத்தான் அண்ணாச்சி இருக்கு, நான் பாத்துட்டுத்தான எறக்குதேன் என்றார். அந்த நீலம் சரியில்லை என்றேன். கம்ப்யூட்டர் சரியில்லையா என்றார். கம்ப்யூட்டர் சரிதான், ஆள் சரியில்லை என்றேன். அவருக்கு அது திருப்தியான பதிலாக இருந்தது. பீடி பற்றவைக்க வேலி ஓரமாகப் போய்விட்டார்.

கொழுந்தியாள் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் போய் நின்று உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் தினமும் பார்த்த படம்.

“இதுல என் களி எங்க, அத்தான்?”

“சேத்துட்டேன்.”

“எதுகூட?”

“மேல உள்ளதோடயும் கீழ உள்ளதோடயும்.”

“பேனா வச்சிப் போட்டோ எடுத்து அனுப்புனேன்லா.”

கேலி பேசுகிறவனுக்கு வாய் அடைத்துப்போனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் சங்கடம். என் மனைவி எல்லாருக்கும் டீ போடப் போய்விட்டாள். நான் வண்டியிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்து, நாற்றுப் பைகள் அடுக்கிய மேசையில் வைத்து, முதலில் போட்ட படத்தை, சுருக்காத படத்தை, ஒரு சாண் களியோடு இருந்த படத்தைத் திறந்து ஓட்டினேன். கொழுந்தியாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போர் களியைத் தாண்டியது. மோட்டார் ஓடியது. முதல் கோடை நீலம். அதற்கப்புறம் குழாயின் அடியில் ஒரு கட்டம் சிவந்தது. அப்புறம் பக்கத்துக் கட்டம். சிவப்பு அவசரப்படவில்லை. கட்டம் கட்டமாக மேலேறி, களியின் துளை வழியாக வந்து, கிணற்றின் அடிக்கட்டத்தைத் தொட்டு நின்றது. நிஜமாகவே டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. இதைத்தான் நான் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சுருக்கியிருந்தேன்.

அவள் வெளியே வலைக்கு அடியில் வரிசை வரிசையாக நின்ற முருங்கை நாற்றுகளைப் பார்த்தாள். பிறகு, களிக்கு மேலேயே, கிணற்றைவிட்டுத் தள்ளி இரண்டு இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதையும் போட்டுப் பார்த்தேன். நீலம்தான், ஆனால் தண்ணீர் கொஞ்சம். அவள் மனசில் வைத்திருந்த அளவுக்கு இல்லை. கூடுதலாகப் போட நினைத்த நாற்றில் பாதியைத்தான் காப்பாற்றலாம். கொட்டகையைத் தெற்குப் பக்கம் நீட்டுவதற்கு அவள் கல் நட்டு வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. இருக்கதக் கொண்டு பாப்போம்” என்றாள்.

போர்க்காரரைக் கூப்பிட்டு, முக்காலியைப் பெயர்த்துக் கிணற்றைவிட்டுத் தள்ளி நட வேண்டும், களி தட்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கம்ப்யூட்டர்ல ஏற்கனவே எறக்கியாச்சு, இனி நான் மெதுவா எறக்குனாப் போதும் என்றார். மெதுவாகத்தான் இறக்கினார். நாங்கள் மூன்று பேரும் வாய்க்காலில் ஓடுகிற சேற்றைச் சுற்றி நின்றோம். வேறு யாராவது பார்த்திருந்தால் அதில் ஏதோ முத்து வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பிறகு மஞ்சளுக்குள் ஒரு சாம்பல் இழை தெரிந்தது. அவள் கையை உயர்த்தினாள். குனிந்து அந்த இழையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. பென்சில் தடிமனில் ஒரு கருவியை, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து எடுத்து, ஊறி வந்த தண்ணீரில் தோய்த்தாள். உப்பை அளக்கிற மீட்டர். எண்ணைப் பார்த்தாள், நாக்கிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். “நல்ல தண்ணி” என்றாள்.

இரண்டாவது குழியும் அப்படியே முடிந்தது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது மத்தியானம் நன்றாகத் தாண்டிவிட்டது. மீன் குழம்பை எனக்கு ஊற்றும்போது என் மனைவி தங்கையிடம், அத்தானுக்குச் சோத்தையும் கொழம்பையும் நீயே சேத்து வச்சிரு, அவியளுக்குத் தனித்தனியா இருந்தாப் பிடிக்காது என்றாள். கொழுந்தியாள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். நான் அந்தச் சோற்றைத் தலைகுனிந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

புறப்படுவதற்கு முன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன், படத்தைக் கிழித்து எறிந்திருப்பாள் என்று. எறியவில்லை. என் நீலத்துக்குக் குறுக்கே, இருக்க வேண்டிய ஆழத்தில், பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள். தாளில் அது ஒரு மயிரிழை. அதற்கு மேலே ‘இதுவரை’ என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் மாடியில் ஆபீஸ் வேலையைத் திறந்தேன். பார்த்திராத கடல், பார்த்திராத பாறை. ஊடே ஊடே மெல்லிய கோடுகள். சரியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் அந்தப் பொத்தானைத் தட்டவில்லை. அந்தக் கோடுகளைத் தனித்தனிக் கட்டங்களாகவே விட்டுவிட்டு மற்றதை மட்டும் சேர்த்தேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவரான மேலதிகாரி, கம்ப்யூட்டர் ரன் வழக்கத்தைவிட மெதுவாகப் போகிறதே என்று கேட்டார். நடுவில் கேட் இருக்கிறது, நின்றுதான் போக முடியும் என்றேன். அது ஏதோ புதுத் தொழில்நுட்பம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

கொழுந்தியாள் புது நாற்றில் பாதியைத்தான் போட்டாள். மீதி ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தெற்குப் பக்கத்துக் கல் அப்படியே நிற்கிறது. கோடை வந்தது. கிணறு வற்றியது, ஆனால் உப்பாகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீரில் மீட்டரைத் தோய்த்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத மாட்டாள். கப்பலிலிருந்து கட்டைவிரல் வரும். நான் கட்டைவிரல் காட்டுவதில்லை, அந்த உரிமையை இழந்துவிட்டேன். எண்ணை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பேன். போன வாரத்து எண்ணும் கிட்டத்தட்ட அதேதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோவுக்குக் கீழே எனக்கென்று ஒரு வரி இருந்தது.

“அத்தான், இத ரவுண்டு பண்ணிராதிய.”